குந்திரிக்கப் பொட்டலத்தில் ஏன் இரண்டு நாட்டின் பெயர்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இந்த முறை வந்த குந்திரிக்கத்தை வாங்கிப்போன பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். கடைப் பலகையில் 'சோமாலிலாந்து குந்திரிக்கம்' என்று எழுதியிருக்கிறோம். பொட்டலத்தின் பின்பக்கம் 'சோமாலியா' என்று இருக்கிறது. சரக்கை மாற்றிவிட்டீர்களா என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். மாற்றவில்லை, ஒரே மூட்டைதான்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சோமாலிலாந்து 1960 ஜூன் 26 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஐந்தே நாளில், ஜூலை 1 அன்று, இத்தாலியின் பொறுப்பில் இருந்த தெற்குப் பகுதியோடு சேர்ந்து சோமாலியா என்ற ஒரே நாடானது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1991 மே 18 அன்று பிரிந்து, தனி நாடு என்று அறிவித்தது. அரசு, தேர்தல், ஷில்லிங் என்ற சொந்த நாணயம் எல்லாம் உண்டு. ஆனால் 2025 டிசம்பரில் இஸ்ரேல் அங்கீகரிக்கும்வரை ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அதை ஏற்கவில்லை. இந்தியாவும் ஏற்கவில்லை. அதனால் இறக்குமதிக் காகிதத்தில் 'சோமாலியா' என்றுதான் போட முடிகிறது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. பணம் அனுப்புவதுதான் பெரும்பாடு. நம் ஊர் வங்கி வழியாக அங்கே நேரடியாக எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்க எங்களால் முடியவில்லை. ஒரு தடவை அனுப்பிய தொகை மூன்று வாரம் நடுவழியில் நின்று, கட்டணம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. அப்புறம் துபாய் வியாபாரி ஒருவர் மூலம் வாங்கத் தொடங்கினோம். சோமாலிலாந்தின் பெர்பெரா துறைமுகத்தில் ஏறும் மூட்டை துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கைமாறி தூத்துக்குடிக்கு வருகிறது. அந்தக் கைமாற்றுக்கான பணமும் நீங்கள் கொடுக்கும் விலைக்குள் இருக்கிறது.

இத்தனைக்கும் உள்ளூரில் சோமாலிலாந்துக்காரர்களின் வியாபாரம் தடுமாறவில்லை. ஷில்லிங்கின் மதிப்பு மிகக் குறைவு; தலைநகர் ஹர்கெய்சாவின் தெருவோரத்தில் பணம் மாற்றுபவர்கள் நோட்டுக் கட்டுகளைச் செங்கல்போல அடுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சுமக்க முடியாமல்தானோ என்னவோ, 2009இல் வந்த 'சாத்' என்ற போன் பணத்தை ஊரே பிடித்துக்கொண்டது. சாதாரண பட்டன் போனில் எண்களை அழுத்தி டீக்குக்கூடக் காசு கொடுக்கிறார்கள். ஹஜ் காலத்தில் சவூதிக்குக் கப்பலேறும் ஆடுகளும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமும்தான் அந்த நாட்டுக்கு முதுகெலும்பு.

குந்திரிக்கம் அதற்கெல்லாம் பின்னால் வரும் சிறு வருமானம். ஆனால் அங்குள்ள சனாக் மலைக் குடும்பங்களுக்கு அதுவே சோறு. செங்குத்துப் பாறையில் வேர் பிடித்து நிற்கும் மரத்தின் பட்டையை லேசாகச் சீவிவிட்டு வருவார்கள். பால் கசிந்து இறுகியதும் மறுபடி ஏறி எடுப்பார்கள். 'மைதி' என்ற முதல்தரக் கட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: வெளியே மாவு பூசியதுபோல் இருக்கும், உடைத்தால் உள்ளே தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னும். அங்கே பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியாகக் கையால் தரம் பிரிக்கிறார்கள். நாங்கள் இங்கே இன்னொரு முறை பிரிக்கிறோம்.

வாசனை எண்ணெய்க்கு உலகம் முழுக்கக் கிராக்கி கூடியதால் மரங்களுக்கு ஓய்வே விடாமல் பட்டையைச் சீவுகிறார்கள். பல மரங்கள் பட்டுப்போகின்றன. இது எங்களுக்கு உண்மையாகவே வருத்தம். மரத்துக்கு ஓய்வு விட்டு எடுக்கும் குடும்பங்களின் சரக்கையே தரச் சொல்லி துபாய்க்காரரிடம் பேசி முடித்திருக்கிறோம். அதற்கு விலை கூடுதல். ஆகவே 100 கிராம் பொட்டலம் வரும் மாதம் முதல் 30 ரூபாய் ஏறுகிறது. மலிவாக வேண்டும் என்று பிசின் தூள் கலந்து விற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஏற்கெனவே முன்பணம் கட்டிய தேவாலயங்களுக்கும் தர்காக்களுக்கும் பழைய விலைதான். மைதி கேட்டவர்களுக்கு இரண்டு மூட்டை தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். கடைக்கு வந்து உடைத்துப் பார்த்தே வாங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டு மருந்துக் கடை