பழைய ஐபாடைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பா தேவாரப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் (ஆப்பிள் நிறுவனத்தின் பாட்டுக் கேட்கும் கருவி), 'டக் டக்' என்ற சத்தத்தோடு நின்றுபோனது. "இதுக்கெல்லாம் பாகம் வராதுங்க, புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள் இங்குள்ள ஒரு கடையில். அது சரியல்ல.

2005-இல் வெளிவந்த அந்தக் கருவிக்குள் பதிவுகளைச் சேமித்து வைப்பது 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க். தட்டு சுழல்கிறது, முனை நகர்கிறது, தேயத்தான் செய்யும். அதைக் கழற்றி, அதே இணைப்பில் பொருந்தும் சிறிய அடாப்டர் போர்டில் எஸ்டி கார்டைச் செருகி, கணினியில் ஐட்யூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருள் மூலம் 'ரீஸ்டோர்' செய்தால் (கருவியின் மென்பொருளைப் புதிதாக நிறுவினால்) கருவி உயிர்பெறும். மூடியைத் திறக்கும்போதுதான் நிதானம் வேண்டும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் மெல்லிய பட்டைக் கேபிள் அறுந்துவிடக் கூடாது. சுழலும் பாகம் இல்லாததால் பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கிறது. பதிவுகளின் நகல் பழைய கணினியில் இருந்தது எங்கள் பாக்கியம். மற்றவர்கள் டிஸ்க் ஓடும்போதே நகல் எடுத்துவிட வேண்டும்.

கடலூர் மாவட்ட ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இத்தகைய பழுதுநீக்கும் வேலையைச் செய்முறைப் பாடமாகக் கற்றுத்தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். குப்பைக்குப் போகும் கருவிகளும் தப்பும், பிள்ளைகளுக்குத் தொழிலும் கிடைக்கும்.

– ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.