அண்ணனுக்கு, ஷா ஆலம் டிக்கெட் பற்றி

அண்ணே,

அப்பாவின் அலமாரியை நேற்றுதான் ஒழித்தேன். பிஸ்கட் டின்னில், பழைய ரசீதுகளுக்கு அடியில், அந்த இரண்டு டிக்கெட்டும் இருந்தன. 17 டிசம்பர் 1994, மலேசியாவின் ஷா ஆலமில் நடந்த மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதி ஆட்டம். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று தெரியும். காரியத்தன்று மாடிப்படியில் நாம் பேசியதை எடுக்கப் போவதில்லை.

உன் மூத்தவன் அன்றைக்கு என்னிடம், "மலேசியா லீக்ல சிங்கப்பூர்க்காரங்க நாம ஏன் சித்தப்பா ஆடினோம்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். மலேசியக் கிண்ணம் 1921-இல் மலாயா கிண்ணமாகத் தொடங்கியபோது இரண்டு நாடு ஏது? முதல் கிண்ணத்தை வென்றதே சிங்கப்பூர்தான். 1965-இல் பிரிந்த பிறகும் பந்து மட்டும் ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது. 1989-இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது, இரண்டு பிரிவு. 1992-இல் நாம் கீழ்ப் பிரிவுக்கு விழுந்தோம் என்றதும் அவன் நம்பவே இல்லை.

நீ விழுந்த அணியையும் விடவில்லை. 1993 முழுக்க காலாங் தேசிய அரங்கில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? நான்தான். புருணைக்கு எதிராக நம் ஆட்டக்காரர் சுந்தரம் அந்தரத்தில் புரண்டு அடித்த கோலுக்கு நீ என்னைத் தூக்கியதில் என் செருப்பு இரண்டு வரிசை கீழே விழுந்தது. அந்த வருஷக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கெடாவிடம் 2-0 தோற்ற இரவு நீ சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் ஷா ஆலமுக்கு இரண்டே டிக்கெட் கிடைத்தபோது, ஒன்று உனக்கு, ஒன்று அப்பாவுக்கு என்றாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வயது 15.

சரி, ஷா ஆலம் பஸ் கிளம்பும் கோல்டன் மைல் வாசல். உன் இரவு ஷிப்ட் முடிய நேரமாகிவிட்டது. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அப்பாவை வழியனுப்ப வந்தவன் நான். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். "அண்ணனுக்குப் பேஜர் அடிடா, இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்" என்று அப்பா பத்து காசு கொடுத்தார். மூலையில் இருந்த போனுக்குப் போனேன். ரிசீவரை எடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வைத்துவிட்டேன். திரும்பி வந்து, "அடிச்சேன்ப்பா, பதில் இல்ல, அண்ணன் வரமாட்டார்" என்றேன்.

பேஜர் அடிக்கவில்லை, அண்ணே. அந்தப் பத்து காசு ஷா ஆலம் வரைக்கும் என் பாக்கெட்டிலேயே இருந்தது.

"டிக்கெட் வீணாகக் கூடாதுன்னு நான்தான் தம்பிய ஏத்திக்கிட்டேன்" என்று அப்பா உன்னிடம் சொன்னார். நீ அவரோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். உன் பேஜர் சத்தம் போடவே இல்லை என்று நீ அப்போதே கத்தினாய். அதற்குப் பிறகு நான் அடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்ல ஆள் இல்லை.

பாகாங்கை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் சாத் மூன்று, ஃபாண்டி ஒன்று. லீக்கும் நமக்கே, கிண்ணமும் நமக்கே. 1980-க்குப் பிறகு முதல் கிண்ணம். மூன்றாவது கோல் விழுந்ததும் அப்பா எழுந்து நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அது நீ பார்த்திருக்க வேண்டிய காட்சி. ஆனால் உண்மையைச் சொன்னால், நான் பார்த்ததற்காக இன்றைக்கும் வருத்தமில்லை.

திரும்பி வந்து, "அடுத்த வருஷம் நீ போ" என்று உன்னிடம் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அடுத்த வருஷம் எங்கே வந்தது? 1995 தொடக்கத்திலேயே டிக்கெட் வசூல் பங்கில் இரண்டு நாட்டுக் காற்பந்துச் சங்கத்துக்கும் தகராறு. ஆட்டத்தை விற்ற விவகாரம் வேறு; பாலத்துக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாம் விலகிக்கொண்டோம். 1996-இல் எட்டு அணியோடு நம் சொந்த எஸ் லீக் வந்தது. நீ ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. லீக் நின்றதற்கும் நான்தான் காரணம் என்பது போலவே என்னிடம் நடந்துகொண்டாய். அதை எதற்கு நான் சுமக்க வேண்டும்?

2012-இல் லயன்ஸ் 12 என்ற பெயரில் மறுபடி மலேசிய லீக்குக்குப் போனபோது, சுந்தரமே பயிற்றுநர். ஜாலான் புசார் அரங்கத்துக்கு உனக்கு டிக்கெட் வாங்கி அனுப்பினேன். நீ அதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாக அண்ணி சொன்னார். 2013-இல் நாம் லீக்கை வென்ற இரவு உனக்குப் போன் அடித்தேன். இந்தத் தடவை உண்மையாகவே அடித்தேன். நீ எடுக்கவில்லை.

அப்பாவின் டிக்கெட்டைத் தபாலில் போட்டிருக்கிறேன். பின்பக்கம் பென்சிலால் 4-0 என்று எழுதி வைத்திருக்கிறார், பார்.

மற்றது நீ வாங்கியது, உன்னுடையதுதான். அதையும் கவரில் வைத்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

தம்பி