டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்குவது

தருமபுரி

அன்புள்ள மாதையா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, நான் ஊரிலேயே இல்லை. பழைய புல்லட்டில் கன்னியாகுமரி வரை போய் வந்தேன். 63 வயதில் இதென்ன கூத்து என்று உன் தங்கச்சி இரண்டு நாள் பேசவில்லை. அதனால் நீயும் தனியாக வேறு கேட்க வேண்டாம்.

விஷயம் இதுதான். என் மைத்துனருக்குக் கிட்னி பழுதாகி, இங்கே அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். காப்பீட்டு அட்டை இருப்பதால் சிகிச்சைக்குச் செலவில்லை. ஆனால் துணைக்குப் போய் வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் மற்ற செலவு தெரிந்தது. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கத்துக் காட்டூர்களில் இருந்தெல்லாம் வருகிறார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆம்பளைக்கு உண்டு. பஸ் போகாத ஊருக்கு ஷேர் ஆட்டோ. முடிந்து எழுந்தால் தலை சுற்றும், தனியாக அனுப்ப முடியாது. ஆக, ரெண்டு பேர் கூலியும் அன்றைக்குப் போச்சு. ஒருத்தர் பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு நாள் வராமல் விட்டிருக்கிறார். அடுத்த முறை உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்க வந்து நின்றார். நீ ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது சில்லறை இல்லாதவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டவன் நான். அது ஞாபகம் வந்தது.

சரி, இவர்கள் பஸ் காசுக்காக நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். சும்மா கேட்டால் யார் கொடுப்பார்கள்? நம்ம ஊர் வழியாகப் போகிற 44ஆம் நம்பர் ரோடு, நாம் ஓட்டிய காலத்தில் 7ஆம் நம்பர், கன்னியாகுமரியில்தானே முடிகிறது, அதுவரை வண்டியில் போகிறேன் என்று டிப்போவில் சொன்னேன். அதற்குத்தான் முதல் நோட்டு விழுந்தது.

தொப்பூர் இறக்கத்தில் உன்னை நினைத்தேன். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளை இரட்டைப் பாலத்தில் எத்தனை பார்த்திருக்கிறோம்! நீ ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. நானும் மூன்றாவது கியரைவிட்டு மாறாமல் இறங்கினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான்.

வண்டி ஓட்டுவது பெரிய விஷயமில்லை. இடுப்பு மரத்துப்போகும், 60, 70 கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி நடந்தால் சரியாகிவிடும். காசு கேட்பதுதான் கஷ்டம். முப்பது வருஷம் கை நீட்டியே சம்பாதித்தவனுக்கா கூச்சம் என்பாய். அப்போது காசை வாங்கினால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன், கணக்கு அங்கேயே தீர்ந்தது. இப்போது கொடுக்க என்ன இருக்கிறது? நாமக்கல்லில் ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் வாயே திறக்காமல், ரெண்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி மதுரையில் ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கி நம்பர் போட்டேன். பத்து ரூபாய் கொடுத்தாலும் ஒரு சீட்டு. கட்டை விரலால் கிழித்து நீட்டியதும் கூச்சம் போய்விட்டது, நம்ப மாட்டாய்.

கயத்தாறு தாண்டிப் பஞ்சர். ஒட்டிக்கொண்டே அந்தப் பையன் கேட்டான்: "பெட்ரோலுக்கு ஆகிற காசை அப்படியே கொடுத்திருக்கலாமே தாத்தா?" சுருக்கென்றது. போக வர சுமார் 1,100 கிலோமீட்டர், மூவாயிரத்துச் சொச்சம் பெட்ரோல். அது என் பென்ஷன் காசு, வசூலில் ஒரு ரூபாய் தொடவில்லை என்றேன். அவன் தலையாட்டிவிட்டு 150 ரூபாய் கூலியைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டான். அவன் கேட்டதும் தப்பில்லை, கூலி வாங்கியதும் தப்பில்லை. ஆனால் அந்த மூவாயிரத்தை வீட்டில் இருந்தபடி கொடுத்திருந்தால் மூவாயிரத்தோடு நின்றிருக்கும். வந்து சேர்ந்தது 41,350. டிப்போவில் கேஷ் கட்டுகிற மாதிரி எண்ணி, அடிக்கட்டையோடு சரிபார்த்துவிட்டேன். பத்து ரூபாய் உதைத்தது, என் பையில் இருந்து போட்டேன். பழைய பழக்கம்!

இப்போது 8 பேருக்கு மாதா மாதம் பஸ் காசு போகிறது. எத்தனை மாதம் தாங்கும் என்று உனக்கே கணக்குத் தெரியும். அதனால் தை பிறந்ததும் அதே ரோட்டில் வடக்கே, ஓசூர், பெங்களூர் தாண்டி ஹைதராபாத் வரை போகலாம் என்று இருக்கிறேன். ஒரு வழிக்கே சுமார் 700 கிலோமீட்டர், தனியாக ஓட்டப் பயம்தான். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? கியர் போட முடியும் என்றால் சொல். நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து ரசீது கிழிக்கிறேன். விசில் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முனுசாமி