சந்தேகத்தோடு உட்கார இடம் கொடுத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா, பெரியம்மா, டாக்டர் அம்மா, சிஸ்டர், என் பள்ளிக்கூடத் தோழி, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வந்து நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் இதை எல்லாரும் வாசிக்கும்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பாளையங்கோட்டையில் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய்விட்டு, ‘இதெல்லாம் உண்மைதானா’ என்ற கேள்வியை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இப்போது அவர்களில் சிலர் என்னிடம் வந்து பேசுகிறார்கள். அவர்களுக்கும், அவர்களிடம் நாளைக்கு ஆலோசனை சொல்லப் போகிறவர்களுக்கும் நீங்கள் எனக்குச் செய்தது தெரிய வேண்டும்.

என் தம்பி ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். வேலூருக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தோம். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் அவன் தலையில் கைவைத்து, ‘சுகமாயிற்று, சாட்சி சொல்ல ஆயத்தமாகுங்கள்’ என்றார். அடக்கம் முடிந்தபின் அதே மனிதர் என் அம்மாவிடம், ‘வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் ஆட்டம் கண்டது. முதலில் துக்கம், அப்புறம் கேள்விகள். உயிர்த்தெழுந்த காலையில் கல்லறையில் இருந்தது ஒரு தூதனா, இரண்டு பேரா? எரிகோவில் சிறியவர் பெரியவர் என்று பார்க்காமல் வெட்டிப்போட்டதைக் கட்டளை என்று சொல்லும் புத்தகமும், பிள்ளைகளை அணைத்துக்கொண்ட இயேசுவைச் சொல்லும் புத்தகமும் ஒரே அட்டைக்குள் எப்படி இருக்கின்றன? வேறு யாரோ கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைக்கிறது, என் தம்பிக்கு மட்டும் ஏன் இல்லை? வாய்விட்டுச் சொன்னபோதெல்லாம் எனக்குக் கிடைத்தது யாக்கோபு 1:6. சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன். அதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, நான் கேட்டதைக் கேட்டுப் பயந்துபோனவர்கள். ஆனால் அந்த வசனத்துக்குப் பிறகு அவர்களிடம் மேற்கொண்டு எதுவும் பேச முடியாமல் போனது.

ஐயா, உங்களிடம் வந்தபோது அப்படி ஆகவில்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் குருவானவரிடம் போனால் நீண்ட ஜெபம் ஒன்று பண்ணி அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் வந்தேன். நீங்கள் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த காலத்துப் புத்தகங்களை ஒதுக்கி நாற்காலி போட்டீர்கள். நான் பேசி முடிக்கும்வரை பேசவே இல்லை. பிறகு, பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் புத்தகத்தில் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்து, ‘அவன் சிநேகிதர்கள் செய்த உருப்படியான காரியம் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் பிள்ளே’ என்றீர்கள். அதே புத்தகத்தின் முடிவில், கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர்மேல்தான் கடவுளுக்குக் கோபம் வருகிறது. கடவுளையே கேள்வி கேட்ட யோபு சரியாகப் பேசினான் என்று சொல்லப்படுகிறது. சின்ன வயதிலிருந்து வேதாகமம் வாசிக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை.

நீங்கள் செய்த அடுத்த காரியத்தைத்தான் ஆலோசனை சொல்கிற எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் கேள்விகளை ஒரு தாளில் எழுதச் சொன்னீர்கள். எது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி, எது தம்பி போன வலி என்று என்னையே பிரிக்க வைத்தீர்கள். ‘முதல் வகைக்குப் புத்தகம் தாரேன். ரெண்டாவதுக்கு என்கிட்ட பதில் கிடையாது, கூட இருக்கேன்’ என்றீர்கள்.

புத்தகக் கேள்விகளில் நீங்கள் எதையும் மறைக்கவில்லை. மாற்கு 16ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகள் என்ற பழைய வேதாகமப் பிரதிகள் இரண்டிலும் இல்லை என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். யோவானில் வரும் விபசாரப் பெண்ணின் சம்பவமும் அவற்றில் இல்லை. ‘இதைப் பிரசங்கத்தில் ஏன் ஐயா சொன்னதில்லை’ என்று கேட்டதற்கு, ‘சொல்லியிருக்கணும்’ என்றீர்கள். அந்த ஒரு பதிலால் உங்கள் மற்ற பதில்களை நான் நம்பத் தொடங்கினேன். தூதர்களின் எண்ணிக்கையில் சுவிசேஷங்கள் வேறுபடுகின்றன என்று ஒத்துக்கொண்டீர்கள். நான்கிலுமே கல்லறைக்குப் போனவர்களில் மகதலேனா மரியாள் இருக்கிறாள் என்று காட்டினீர்கள். பெண்களின் சாட்சிக்குப் பெரிய மதிப்பில்லாத காலத்தில் கதை கட்டுகிறவன் அப்படிக் கட்டுவானா என்று கேட்டீர்கள். சுவிசேஷங்களுக்கு முன்பே, கி.பி. 55ஐ ஒட்டிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்தவரைக் கண்ட சாட்சிகளின் பட்டியல் இருக்கிறது, தான் பெற்றுக்கொண்டதை ஒப்புவிக்கிறேன் என்கிறார் என்று வாசிக்கச் சொன்னீர்கள். ‘இதை நிரூபணம்னு சொல்லமாட்டேன், யோசிக்க வேண்டிய விஷயம்’ என்று நிறுத்திக்கொண்டீர்கள்.

எரிகோவைப் பற்றிப் பேசும்போது இஸ்ரவேலுக்குப் பக்கத்து நாடான மோவாபின் ராஜா மேசாவின் கல்வெட்டைச் சொன்னீர்கள். 1868இல் தீபோனில் கிடைத்து இப்போது பாரிசில் இருக்கிறது. அதில் அவனும் இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்கிறான், ஒரு ஊரையே கொன்று தன் தேவனுக்கு அர்ப்பணித்தேன் என்கிறான். இஸ்ரவேல் அழியவில்லை என்பது நமக்குத் தெரியும். அந்தக் காலத்து ராஜாக்களின் போர்ப்பேச்சு அப்படி, அதை மனதில் வைத்து, எரிகோவைச் சொல்லும் யோசுவா புத்தகத்தை வாசிக்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். எனக்கு அது பாதிதான் திருப்தி. உங்களுக்கும் அப்படித்தான் என்று சொன்னீர்களே ஐயா, அதற்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

சிறைக்குள்ளிருந்து, ‘வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா’ என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்ட யோவான் ஸ்நானகனை நீங்கள்தான் எனக்கு அறிமுகப்படுத்தினீர்கள் என்றே சொல்வேன். யோர்தான் கரையில் எல்லாருக்கும் சாட்சி சொன்னவன் அவன். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்க வந்தவர்கள் திரும்பிப் போனபிறகு கூட்டத்தின் முன்னால் அவனைப் பெருமையாகப் பேசினார். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் சீஷர்கள் உயிர்த்தெழுந்தவரைப் பணிந்துகொள்கிறார்கள், ‘சிலரோ சந்தேகப்பட்டார்கள்’ என்று அதே வசனம் சொல்கிறது. அந்தச் சிலரைத் தள்ளிவைக்காமல் எல்லாருக்கும் சேர்த்துத்தான் ‘புறப்பட்டுப் போங்கள்’ என்ற கட்டளை வருகிறது. சீஷர்களில் ஒருவரான தோமாவும் அப்படித்தான். நம்பமாட்டேன் என்று சொன்னபின் எட்டு நாள் கழித்தும் மற்றவர்களோடு அதே வீட்டில் இருக்கிறார், யாரும் வெளியே அனுப்பவில்லை. நம் மண்ணுக்கு வந்து சென்னைப் பரங்கிமலையில் உயிர்விட்டதாக வழிவழியாகச் சொல்லப்படுவதும் அவரைப் பற்றித்தான்.

பெரியம்மா, ஆராதனையில் நீங்கள் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள். விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது ‘சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்’ என்ற இடத்தில் என் வாய் அடைத்துப்போவதைக் கவனித்துவிட்டீர்கள். என்னை இடித்துக் காட்டவில்லை. வெளியே வந்ததும், ‘உனக்குச் சொல்ல வராத வரிய நாங்க சொல்லுதோம். நீ எங்க கூட நில்லு, அது போதும்’ என்றீர்கள். சபை என்றால் என்ன என்று நான் கேட்ட எல்லாப் பிரசங்கங்களையும்விட அது எனக்கு விளங்கியது. தம்பியின் நினைவு நாளில் நீங்கள் மட்டும்தான் வீட்டுக்கு வந்து அவனைப் பற்றியே பேசினீர்கள். அவன் ஞாயிறு பள்ளியில் அடித்த லூட்டியைச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தீர்கள். மற்றவர்கள் அவன் பேரை எடுக்கவே தயங்கினார்கள்.

டாக்டர் அம்மா, நீங்கள் கிறிஸ்தவர் இல்லை. மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று எங்கள் வட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நீங்கள் என் கடவுளைப் பற்றி எதுவும் பேசவில்லை. தூக்கம், சாப்பாடு, அழுகை, உயிரோடிருக்க விருப்பமில்லாத எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டீர்கள். என் கேள்விகளில் ஒரு பங்கு மனச்சோர்வு என்பது அங்கேதான் தெரிந்தது. மாத்திரையும் பேச்சும் அந்தப் பங்கை இறக்கின, கேள்விகள் அப்படியே இருந்தன, ஆனால் அவற்றைத் தெளிவாக யோசிக்க முடிந்தது. ஐயாவிடம் சொன்னபோது அவர் உடனே எலியாவை எடுத்தார். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் புத்திமதி சொல்லவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். ஆலோசனைக்கு வருகிறவர் சரியாகத் தூங்குகிறாரா என்று முதலில் கேளுங்கள் என்று சபைகளில் இருக்கும் எல்லாரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சிஸ்டர், ஆஸ்பத்திரி நடையில் நீங்கள் அன்னை தெரசாவைப் பற்றிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007இல் வெளியான அவருடைய கடிதங்களில், கடவுள் இருப்பதே தெரியாத இருட்டைப் பற்றி வருடக்கணக்காக எழுதியிருக்கிறார். வெளியே சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறு என்று சிலர் அதை வைத்து அவரைக் குறைசொன்னார்கள். நீங்களோ, ‘ஒன்றும் உணராமலே ஒவ்வொரு நாளும் எழுந்து குஷ்டரோகிகளிடம் போயிருக்கிறார், அதை விசுவாசம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல’ என்று கேட்டீர்கள். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்டு சபை, நீங்கள் கத்தோலிக்கர். அந்த வித்தியாசம் அப்போது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

என் தோழியே, நீ சுயமரியாதைக் குடும்பத்துப் பிள்ளை, கடவுள் நம்பிக்கை இல்லாதவள். நான் ஆடிப்போயிருந்தபோது ஒரு வார்த்தையில் என்னை உன் பக்கம் இழுத்திருக்கலாம். ‘துக்கத்துல முடிவெடுக்காத. தெளிஞ்சப்புறம் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி, நான் உன் கூடத்தான்’ என்றாய். நம்பிக்கையுள்ளவர்கள் பலருக்கு வராத பொறுமை அது. என் கணவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவரே எடுத்துக்கொண்டார்.

இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். பிசாசு பிடித்த பையனின் தகப்பன், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று மாற்கு 9இல் கதறினாரே, ரொம்ப நாள் எனக்கு இருந்தது அந்த ஒரே ஜெபம். இன்றும் அதைத்தான் அதிகம் சொல்கிறேன். போன ஈஸ்டரில் எங்கள் ஊசிக்கோபுர ஆலயத்தில் திருவிருந்து எடுத்தேன், பாடகர் குழுவிலும் மறுபடி நிற்கிறேன். தம்பிக்கு ஏன் சுகம் கிடைக்கவில்லை என்ற கேள்வி தாளில் அப்படியே இருக்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதால் என் தாளையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஐயா, கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் தெருவில் கல்லூரி படிக்கிற ஒரு பையன், யோசுவா புத்தகத்தை வாசித்துவிட்டு வாலிபர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் அம்மா அழுகிறார்கள். நான் அவனிடம் வசனம் எதுவும் சொல்லவில்லை, என்னிடம் இருந்த குறிப்புகளைக் காட்டினேன். உங்களைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறான். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரட்டுமா? அந்த மேசா கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். அவன் நிறையக் கேட்பான்.

உங்கள் அன்பு மகள்,
பாளையங்கோட்டை