துணியில தைச்ச மலைக்கும் ஒரு சுவர் குடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல பழைய சேலைய வெச்சு என்னென்ன பண்ணலாம்னு வந்த பக்கத்துல, கால்மிதிக்கும் கட்டப்பைக்கும் நடுவுல குவில்ட் பத்தி, அதாங்க துண்டுத் துணிகள ஒட்டுப்போட்டு அடுக்கித் தைக்கிற விரிப்பு பத்தி, ரெண்டு வரி பாத்தேன். வந்ததே சந்தோஷம்தான், ஆனா கட்டில்ல விரிக்கிறதோட அது முடிஞ்சுடலீங்க, சுவத்துல மாட்டிப் பாக்குற படமாவே அத தைக்கிறவங்க நிறைய பேர் இருக்கோம்.

திண்டுக்கல்ல நாங்க சில பெண்கள் சேந்து தைக்கிறோம். எங்க ஊர் பக்கத்துல இருக்குற சிறுமலைய போட்டோ எடுத்து பெருசா பிரிண்ட் போட்டு, நெட்டுக்குத்தா பட்டை பட்டையா வெட்டி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம். மலை விளிம்பு அடுத்த பட்டையில எந்த உயரத்துல போய் சேரணும்ங்கிறத மட்டும் பேசி வெச்சுக்குவோம், மத்தபடி என்ன துணி என்ன கலர் எந்தத் தையல்னு அவங்கவங்க இஷ்டம், முடியுற வரைக்கும் ஒருத்தர் தைக்கிறத இன்னொருத்தர் பாக்கக்கூடாது. எல்லாத்தையும் வரிசையா தொங்கவிடுற அன்னிக்கு பாக்கணுமே, ஒருத்தரோட மலை மழை விட்ட கரும்பச்சை, பக்கத்துல இருக்குறது சாயங்கால ஊதா, இன்னொருத்தங்க முழுக்க மஞ்சள்லயே போட்டிருப்பாங்க, ஆனாலும் சிறுமலை சிறுமலையாவே நிக்கும். நான் ஒத்தையா உக்காந்து எவ்வளவு யோசிச்சாலும் அந்த மஞ்சள் எனக்குத் தோணியே இருக்காது.

தனியா தைக்கிறப்ப ஒரு கலருக்காக எத்தன நாள் வேணா காத்திருக்கலாம். துவைச்சுத் துவைச்சு வெளுத்துப்போன சின்னாளப்பட்டி சுங்குடியோட நீலம் இருக்கே, தூரத்து மலைக்கு அதவிட நல்ல துணி எந்தக் கடையிலயும் நான் பாத்ததில்ல. புதுசா ஆரம்பிக்கிறவங்க துணிகள பரப்பி வெச்சு போன்ல கருப்பு வெள்ளையா ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா எத்தன கலர் போட்டாலும் மலையும் வானமும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். அடர் சிவப்ப முதல்ல தனியா ஊற வெச்சு சாயம் போகுதான்னு பாத்துக்கங்க.

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு. அங்க கறுப்பினப் பெண்கள் குளிருக்குப் போத்திக்க பழைய வேலை உடுப்புகள வெட்டி தலைமுறை தலைமுறையா குவில்ட் தைச்சாங்க, 2002ல ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அத சுவத்துல மாட்டுச்சு, அடுத்து நியூயார்க் விட்னி மியூசியத்துக்குப் போச்சு, 2006ல தபால்தலையாவே வந்துடுச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்து கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் கவுதின்னு ஒரு வகை குவில்ட் தைக்கிறாங்க, ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வந்து சேருவாங்க, நாலு மூலையிலயும் துணிய மடிச்சு பூ வெக்காம முடிக்கவே மாட்டாங்க. அந்தக் கலர் சேர்க்கைய ஓவியம் இல்லன்னு யாரு சொல்ல முடியும்?

ஆனா எங்க பக்கம் ஒரு ஓவியக் கண்காட்சிக்கு எங்க சிறுமலைய எடுத்துட்டுப் போனா, இது துணி, கைவினை ஸ்டால்ல கேளுங்கன்னு அனுப்பிட்டாங்க. ஸ்டால்ல மடிச்சுத்தான் வெக்கணுமாம், மடிச்சா மலை எங்க தெரியும்? மாவட்ட அருங்காட்சியகங்களும் நூலகங்களும் வருஷத்துல ஒரு வாரமாவது துணி ஓவியத்துக்கு ஒரு சுவர் ஒதுக்கணும். நீங்களும் அடுத்த தடவ இதப் பத்திப் போடுறப்ப கலர்ல ஒரு முழுப் பக்கம் குடுங்க, தைச்ச எல்லாரோட பேரையும் படத்துக்குக் கீழயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்