அண்ணன் தேறிவிட்டார்

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

நலம். அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்ததை மெய்யம்மை ஆச்சி சொல்லியிருக்கும். இப்போது தேறிவிட்டார். பட்டாலையில் உட்கார்ந்து, குழம்பில் உப்பில்லை என்று அண்ணமிண்டியோடு சண்டை. நீ வந்தால் அவர் பக்கம்தான் பேசுவாய், அதனால் இப்போதைக்கு வராதே.

அன்று விடியற்காலை வேர்த்துக் கொட்டி, தாடை வரை வலி. வாய்வு என்று ஓமத்தண்ணி கேட்டவரை நம்ம டாக்டரிடம் இழுத்துப் போனேன். ஈசிஜி எடுத்த கையோடு அதைப் போனில் படம் பிடித்து மதுரை இதய டாக்டருக்கு அனுப்பினார்; ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். மதுரை 90 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்து அடைப்பை எடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு அனுப்புங்கள் என்றார் மதுரை டாக்டர். அப்படியே இங்குள்ள ஆஸ்பத்திரியில் போட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் மதுரையில் ஆஞ்சியோ எடுத்து, அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள்.

அதைவிடப் பெரிதாக எனக்குப் பட்டது பிறகு நடந்தது. அண்ணனுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டி வந்தது. ரத்தம் நிற்காது, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் இரண்டு இதய மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் பல் டாக்டர். நம்ம டாக்டர் மதுரைக்குப் போன் போட்டார். ‘ஸ்டென்ட் வைத்துச் சில மாதம்தான் ஆகிறது, இரண்டு மாத்திரையில் ஒன்றைக்கூட நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்’ என்று பதில் வந்தது. பல் பிடுங்கிய இடத்தில் தையல் போட்டு, பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார்கள். ரத்தம் நின்றுவிட்டது. அந்த ஒரு போன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

சொக்கு, உன்னை நினைத்துத்தான் இத்தனையும் எழுதுகிறேன். சென்னையில் உனக்கு இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். ஒருவர் சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. போன தடவை வந்தபோது உன் பையில் மூட்டுவலி மாத்திரை அட்டையைப் பார்த்தேன். இதய மாத்திரையோடு அதையும் விழுங்கினால் வயிற்றில் ரத்தம் கசியலாம், சிறுநீரகமும் கெடலாம். இதய டாக்டருக்கு அது தெரியுமா? நீ சொல்லியிருக்க மாட்டாய்.

உன் தெருவிலேயே ஒரு நல்ல எம்பிபிஎஸ் டாக்டரைப் பிடி. டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் எல்லா மாத்திரை அட்டையையும் அவர் மேசையில் கொட்டு. அவர் நம்பரை இதய டாக்டரிடமும், இதய டாக்டர் நம்பரை அவரிடமும் கொடு. இந்த வாரமே. முடித்ததும் எனக்குப் போன் செய்.

மற்றபடி, கண்மாய் நிறைந்துவிட்டது. அண்ணமிண்டி சீப்புச்சீடை அனுப்புகிறார். அது தேனம்மைக்கு, உனக்கில்லை.

உன்,
லெட்சுமணன்