என் கணவரின் கேப்பிடல் கிரெடிட் எங்கே? மின் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு புகார்

பெறுநர்: உறுப்பினர் சேவை மேலாளர், கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கம், வட ஜார்ஜியா

ஐயா / அம்மா, வணக்கம்.

ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் ஒரே அச்சுப் பதில்தான் வந்தது. ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் தகவல் தரப்படலாம் என்று உங்கள் ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது உங்கள் பொறுப்பு.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கணக்கு என் கணவர் பேரில் இருந்தது. அவர் தவறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2004-இல் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் கட்டிய பில்லைப் பொறுத்து வருடாவருடம் நீங்கள் ஒதுக்கிய கேப்பிடல் கிரெடிட்டை, அதாவது சங்கத்தின் செலவு போக மிஞ்சியதில் உறுப்பினருக்குச் சேரும் பங்கை, வாரிசுக்குத் தரலாம் என்று உங்கள் துணை விதியே சொல்கிறது. எந்த வருடத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலும் அதற்கான செக்கும்தான் நான் கேட்டேன்.

இறந்தவர் சொத்து யாருக்கு என்று பார்க்கும் புரோபேட் கோர்ட்டின் தாள் வேண்டும் என்றீர்கள். கொண்டு வந்தால் முத்திரை வைத்த நகல்தான் செல்லும் என்றீர்கள். அப்புறம் இறப்புச் சான்றிதழ், அப்புறம் நோட்டரி கையெழுத்து, அப்புறம் "இந்தக் கிளையில் இல்லை, மெயின் ஆபீஸ் போங்கள்". என் மகன் லீவு போட்டு என்னை மெயின் ஆபீஸுக்குக் கூட்டிப்போன அன்று, ஆண்டுக் கூட்ட ஏற்பாட்டுக்காக அலுவலகம் மூடல் என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. முந்தின நாள் போனில் "தாராளமாக வாங்க" என்று சொன்னவரும் உங்கள் ஊழியர்தானே?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுபடி போனபோது கவுண்டரில் இருந்தவர் சொன்னதை மறக்க முடியவில்லை. "அது பணமே இல்லை, எங்கள் புத்தகத்தில் இருக்கும் ஒரு எண்" என்றார். ஏன் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் என் மகனிடம், "உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நான் மதுரையில் ஒரு கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதியவள். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எனக்குப் புரியும். உங்கள் ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்தேன். செலவில் பெரும்பகுதி மொத்த மின்சாரக் கொள்முதலுக்குப் போகிறது, சரி. இங்கே ஜார்ஜியாவில் உள்ள வோக்டில் அணுமின் நிலையத்தின் 3-ஆம் அலகு 2023-லும் 4-ஆம் அலகு 2024-லும் ஓடத் தொடங்கின. அதில் 30 சதவீதம் ஓகல்தோர்ப் பவருடையது, அதாவது ஜார்ஜியாவின் மின் கூட்டுறவுகளுடையது. அந்தக் கட்டுமானச் செலவு எங்கள் பில்லில் வந்து உட்காரும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செலவெல்லாம் போக மிஞ்சியதை எங்கள் பேரில்தானே ஒதுக்குகிறீர்கள்? ஐந்தொகையில் "உறுப்பினர் மூலதனம்" என்று நிற்பது அதுதானே? கடன் கொடுப்பவர்களிடம் காட்டும்போது அது மூலதனம், விதவை வந்து கேட்டால் வெறும் எண்ணா?

உங்கள் லைன்மேன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்தபோது மற்ற சங்கங்களின் கம்பங்களை நட அவர்கள் ராப்பகலாகப் போனார்கள். அவர்கள் சம்பாதித்துத் தரும் நல்ல பெயரைக் கவுண்டரில் ஒரே வாக்கியத்தில் கெடுக்கிறார்கள்.

வார்ம் ஸ்பிரிங்ஸில் இருந்த தன் வீட்டுக்கு யூனிட்டுக்கு 18 சென்ட் போட்டு பில் வந்தது, நியூயார்க்கில் ஹைட் பார்க் வீட்டுக்குக் கட்டுவதைப் போல அது நாலு மடங்கு, கிராம மின்சாரத் திட்ட யோசனையே அதிலிருந்துதான் பிறந்தது என்று 1938-இல் இதே ஜார்ஜியாவில், பார்ன்ஸ்வில்லில், அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேசினார். ஒரு பில்லைப் பார்த்து வந்த கோபத்தில் முளைத்த அமைப்பு இது. அதில் இன்று ஒரு உறுப்பினர் கணக்குக் கேட்டால் வரிசையைத் தடுக்கிறாள் என்கிறீர்கள்.

இன்னொன்று. முழுத் தொகை வேண்டுமானால் பல வருடம் காத்திருக்க வேண்டும், இப்போதே வேண்டுமானால் கழித்துக்கொண்டுதான் தருவோம் என்று போனில் ஒரு பெண் சொன்னார். எந்த வட்டி வீதத்தில் கழிக்கிறீர்கள்? அதை யார் முடிவு செய்தது? கேட்டதும் வேறு இணைப்புக்கு மாற்றினார், லைன் போய்விட்டது. பெட்ரோல், நோட்டரி, மகனின் லீவு என்று ஆயிரக்கணக்கில் நஷ்டம். இந்த ஒரு வருடத்தில் என் பாதி ஆயுளே போய்விட்டது.

தயவுசெய்து இந்த மாத இறுதிக்குள் பட்டியலையும் வட்டி வீதத்தையும் எழுத்தில் தாருங்கள். இல்லையென்றால் இயக்குநர் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபால் போகும். அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் எழுதுவேன். நீங்கள் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990-ஐ யார் கேட்டாலும் காட்ட வேண்டும். தலைமை நிர்வாகியின் சம்பளம் அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் மைக் முன்னால் நிற்பேன். டெக்சஸில் பெடர்னாலெஸ் மின் கூட்டுறவின் மேல் உறுப்பினர்களே 2007-இல் வழக்குப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அளவுக்குப் போக எனக்கு ஆசை இல்லை. போக வைக்காதீர்கள்.

கவுண்டரில் பேசியவர் எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், என் மகனிடம் அல்ல. செக்கை என் பேருக்கு அனுப்புங்கள். இத்தனை சான்றிதழ் வாங்கிக்கொண்ட பிறகும் போன மாத பில் அவர் பேருக்குத்தான் வந்தது.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் உறுப்பினர்